ஊவேயும் ஹெல்காவும், திருநகரும் மேலூரும்

1

நேற்றுக் காலை டிராமுக்குக் காத்திருந்தபோது ஒரு மின்னஞ்சல் வந்தது. "ஊவேயும் ஹெல்காவும் உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. மனமார்ந்த வாழ்த்துகள். இருவரும் நலம்தானே? முடிந்தால் ஒரு புகைப்படம் அனுப்பவும்." அனுப்பியவர் எங்கள் ஊர் விலங்குக் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஃப்ராவ் கெல்லர். ஃப்ராவ் என்றால் அம்மையார். ஊவே, ஹெல்கா என்றால் எலிகள்.

சரியாகச் சொன்னால் கினி எலிகள். முயலாகப் பிறக்க ஆசைப்பட்டு, காது வளர்வதற்குள் வண்டியைத் தவறவிட்ட மாதிரி ஒரு ஜீவன். வாலும் கிடையாது. ஜெர்மன்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரை அப்படியே தமிழில் சொன்னால் 'கடல்பன்றிக்குட்டி'. கடலுக்கும் பன்றிக்கும் இதற்கும் என்ன உறவு என்று அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. இத்தனை வருடமாக யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்பதும் தெரிந்தது.

என் கல்யாண நாளுக்கு இந்த நாட்டில் யாரும் வாழ்த்துச் சொன்னதில்லை. மனைவி வாசுகியும் நானும்கூட அதைச் சேர்ந்தே மறந்துவிடுவோம். அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் நல்ல ஒற்றுமை. எலிகளுக்கு வாழ்த்து வந்திருக்கிறது.

என்னைப் பற்றி: மதுரைக்காரன். தெற்கு ஜெர்மனியில் ஒரு நடுத்தர ஊரில் குடியேறி, குடியுரிமையும் வாங்கியாகிவிட்டது. கார் கண்ணாடியில் மழைத்துளி விழுந்தால் துடைப்பான் எப்போது அசைய வேண்டும் என்று முடிவு செய்கிற மென்பொருளில் ஒரு மூலையை எழுதுகிறேன். மழைக்கு வானம் பார்த்துக் கிடந்த டி. கல்லுப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருத்தனைக் கூட்டிவந்து, விழுகிற மழையைத் துடைக்கச் சொல்லிச் சம்பளமும் கொடுக்கிறார்கள்.

படம் எடுத்து அனுப்பிவிட்டு, இந்த ஒரு வருடத்தில் என்ன நடந்தது என்று யோசித்தேன். நடந்திருக்கிறது. ஆனால் உள்ளே பெரிதாக எதுவும் அசையவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு தாடையைத் தொட்டால் பக்கத்து வீட்டுக்காரர் தாடையைத் தொட்ட மாதிரி இருக்குமே, சில வருடங்களாக ஊர் விஷயங்கள் எனக்கு அப்படித்தான். தொடுகிறேன் என்று தெரியும். அவ்வளவுதான்.

2

எலி கேட்டது மகள் இனியா. முதலில் நாய் கேட்டாள். அப்புறம் பூனை. பேரம் இறங்கி இறங்கி இதில் வந்து நின்றது. அவளுக்குப் பதினைந்து வயது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். ஒரு கதவின் இரண்டு பக்கமும் நின்று பேசுகிற மாதிரி இருக்கும். பல நாள் உண்மையிலேயே கதவின் இரண்டு பக்கமும் நின்றுதான் பேசினோம். எலி வந்தால் ஹாலுக்கு வருவாள் என்று வாசுகி கணக்குப் போட்டாள்.

"எங்க வீட்ல எலியப் பிடிக்கப் பொறி வாங்குவோம். இங்க எலிக்கு வீடு வாங்குறோம். நல்லாருக்கு" என்றும் சொன்னாள்.

கடையில் வாங்கலாம் என்றேன். கடையில் வாங்குவது பாவம், கைவிடப்பட்டதைத்தான் எடுத்து வளர்க்க வேண்டும் என்று இனியா ஒரு சின்னச் சொற்பொழிவு நடத்தினாள். ஜெர்மனில்தான். எனக்கு முக்கால்வாசி புரிந்தது. மீதியைக் குரலின் உயரத்தை வைத்து நிரப்பிக்கொண்டேன்.

காப்பகத்துக்குப் போனோம். எனக்கு ஜெர்மனில் மரியாதைப் பன்மைதான் ஒழுங்காக வரும். யாரை நீ என்பது, யாரை நீங்கள் என்பது என்ற குழப்பத்தில், வந்த புதிதிலேயே எல்லோரும் 'நீங்கள்' என்று முடிவெடுத்தேன். அதே பழக்கத்தில் கூண்டுக்குள் இருந்த கொழுத்த பழுப்பு எலியைப் பார்த்து, "வணக்கம், நீங்கள் நலமாக இருக்கிறீர்களா?" என்றேன். ஃப்ராவ் கெல்லர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இவர் ஊவே" என்றார். காயடிக்கப்பட்டவர் என்றும் சேர்த்துச் சொன்னார். முதல் சந்திப்பில் இவ்வளவு விவரம் எனக்குத் தேவைப்படவில்லை.

ஊவேக்குப் பின்னால் ஒட்டினாற்போல ஒரு சின்ன வெள்ளை எலி. அதுதான் ஹெல்கா.

"எங்களுக்கு ஒன்று போதும். பெரியவரை எடுத்துக்கொள்கிறோம்" என்றேன்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை இதற்குமுன் ஒருதடவைதான் பார்த்திருக்கிறேன். வந்த புதிதில், இங்கே ஊரே ஓய்வெடுக்கிற ஞாயிற்றுக்கிழமையில் துணி துவைத்துப் பால்கனியில் காயப்போட்டபோது பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தது.

"ஒன்று கிடையாது" என்றார். "இது ஜோடி. ஒன்றையொன்று ஒட்டித்தான் தூங்கும். பிரித்தால் சாப்பிடாது. செத்தும் போகலாம். இரண்டும், அல்லது எதுவுமில்லை."

இரண்டும் என்றோம். அதோடு முடியவில்லை. வீட்டைப் பார்க்க வந்தார். கூண்டு வைக்கப்போகும் இடத்தை அளந்தார். ஜன்னலுக்கு எவ்வளவு தூரம், வெயில் விழுமா, விடுமுறைக்கு ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், மூவருக்கும் சம்மதமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில் பேனாவை மூடப்போனவர் ஞாபகம் வந்து, "நீங்கள் இருவரும் பிரிந்துவிட்டால்?" என்று கேட்டார்.

வாசுகியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். குடியுரிமை கொடுக்கும்போதுகூட இதை யாரும் கேட்கவில்லை.

"மகள் இவளுக்கு, எலி எனக்கு" என்றேன். நகைச்சுவை.

"இரண்டு எலியும் ஒருவருக்கே" என்றார் ஃப்ராவ் கெல்லர், சிரிக்காமல். "அதை மட்டும் உறுதி சொல்லுங்கள்."

சொன்னேன். கையெழுத்தும் போட்டேன்.

3

அதே வாரம் ஊரில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அவரும் அம்மாவும் டி. கல்லுப்பட்டி வீட்டில் தனியாக இருந்தார்கள். இடுப்பில் ஆபரேஷன் முடிந்து, வாக்கரைப் பிடித்து நடக்கலாம், ஆனால் தூக்கிவிட ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் செல்வத்துக்குத் திருநகரில் பெயிண்டுக் கடை, வீடும் அங்கேயே. தங்கை சாந்தி மேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் இங்கே மழை துடைக்கிறேன். மூவரும் வாட்ஸப்பில் கூடினோம்.

எங்கள் பக்கத்தில் வீடு, நிலத்தோடு பெற்றவர்களையும் பிரித்துக்கொள்வது உண்டு. அப்பா ஒருத்தருக்கு, அம்மா ஒருத்தருக்கு. யாரும் இதைக் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஒருத்தர் மேலேயே பாரம் விழக் கூடாது, நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது. நியாயமாகப் பார்த்தால் மிகவும் நியாயமான ஏற்பாடு.

"எனக்கு ரெண்டு ரூமு. ஒண்ணுல மக பரீச்சைக்குப் படிக்குறா" என்றான் அண்ணன். "அப்பாவ ஹால்ல கட்டில் போட்டுப் பாத்துக்கிறேன். தூக்குறதுக்கு நான் இருக்கேன். அம்மாவுந்தான்னா எடமில்லப்பா."

"எனக்கும் நைட் டூட்டிக்குப் போனா பிள்ளையப் பாத்துக்கிற ஆளில்லண்ணே. அம்மா இங்க வரட்டும்" என்றாள் சாந்தி. "சின்னண்ணே, நீ என்ன சொல்ற?"

நான் அப்போது ஹெல்காவுக்குக் குடைமிளகாய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அலுவலகக் கூட்டங்களின் பழக்கத்தில் மைக்கை அணைத்து வைத்திருந்தேன். மைக்கைப் போட்டு, "சரி" என்றேன்.

அம்மா ஒரு பையில் சேலைகளை எடுத்து வைத்துக்கொண்டு மேலூருக்குப் போனாள். அப்பா திருநகருக்குப் போனார். நடுவில் மதுரை முழுவதும் கிடந்தது. கல்லுப்பட்டி வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள்.

ஒன்றும் தோன்றவில்லை. மறுநாள் எலிகளுக்குக் காய்ந்த புல் வாங்கப் போனேன்.

4

எலிகள் வந்தபிறகு வீட்டில் ஒரு சத்தம் வந்தது. ஃபிரிட்ஜ் கதவு திறக்கிற ஒலி கேட்டால் போதும், ஊவே பின்னங்காலில் நின்று விசிலடிப்பார். நிஜமாகவே விசில். எங்கள் அப்பாவுக்கு அப்புறம் இவ்வளவு அதிகாரமாக ஒருத்தர் விசிலடித்து நான் கேட்டதில்லை. இனியா ஹாலுக்கு வந்தாள். எங்களிடம் பேசுவதற்கு அல்ல. ஆனாலும் ஹால் ஹால்தானே.

ஃப்ராவ் கெல்லர் இரண்டு கிண்ணம் கொடுத்திருந்தார். கூண்டின் இந்த மூலையில் ஒன்று, அந்த மூலையில் ஒன்று. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒட்டித் தூங்குகிற புருஷன் பெண்டாட்டிக்கு எதற்குத் தனித்தனிக் கிண்ணம்? இந்த ஊர்க்காரர்கள் ஓட்டலுக்குப் போனால் ஆளுக்கொரு பில் கேட்கிற ஜாதி, அந்தப் புத்தியை எலிக்கும் கொண்டுவந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டையும் எடுத்துவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தட்டு ஒன்றை நடுவில் வைத்தேன். அதில் வெள்ளரி, குடைமிளகாய், கொஞ்சம் கொத்தமல்லி. சேர்ந்து சாப்பிடட்டும். குடும்பம் என்றால் அப்படித்தானே.

பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. வீடியோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

எலிகளை வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் வைத்து எடை பார்க்க வேண்டும். அது இனியாவின் வேலை. ஒரு சனிக்கிழமை அவள் ஹெல்காவைக் கையில் ஏந்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். கோபத்தில் தமிழ் வந்துவிட்டது.

"அப்பா, இவ எளைச்சிட்டே போறா. நீ பாத்தியா, ஊவே சாப்பிடும்போது இவ பக்கத்துல வர்றதே இல்ல. இவ வாயில இருந்து அவன் புடுங்குறான். இவ நின்னு பாத்துக்கிட்டே இருக்கா."

"அது சும்மா விளையாட்டு."

"விளையாட்டு இல்ல."

தட்டை எடுத்துவிட்டு இரண்டு கிண்ணத்தையும் பழைய மூலைகளில் வைத்தாள். அவள் என்னிடம் தொடர்ச்சியாக இத்தனை தமிழ் வாக்கியம் பேசி நெடுநாள் ஆகியிருந்தது. அதனால் திட்டியது பெரிதாகத் தெரியவில்லை.

ஆனாலும் ஜோடி, பிரித்தால் செத்துப்போகும் என்பது மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மதினி, அதாவது அண்ணன் மனைவி, ஒருநாள் சொன்னபோது அது எழுந்து நின்றது. அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, ரெண்டு பேரையும் ஒரே எடத்துல வைக்கணும். பிரிச்சு வைக்கிறது தப்பு. இங்க எலி குடுக்குறதுக்கே, பிரிக்க மாட்டேன்னு எழுதி வாங்குறாக."



"டேய், எலிய வச்சா எனக்குப் பாடம் எடுக்குற?"

"அதுக்கில்லண்ணே..."

"அப்பாவ ராத்திரி பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போறது நானு. நீ வந்து ஒரு வாரம் தூக்கிப் பாரு. அப்புறம் எலியப் பத்திப் பேசுவோம்."

வைத்துவிட்டான். அவன் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதனால் பொங்கலுக்கு டிக்கெட் போட்டேன்.

5

திருநகர் வீட்டு ஹாலில் அப்பாவின் கட்டில், டிவி பார்க்கத் தோதாகப் போட்டிருந்தார்கள். டிவி ஓடாத நேரத்திலும் அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். தாடி வளர்ந்து கிடந்தது. வேலையில் இருந்த காலத்தில் ஒருநாள் விடாமல் மழித்துக்கொண்டு போனவர்.

"எப்ப வந்த?"

"இப்பத்தாம்ப்பா. எப்டி இருக்கீக?"

"இருக்கேன்."

இரண்டு நாள் நான் தூக்கினேன். அண்ணன் சொன்னது சரி. தூக்குவதற்குத் தனியாக ஒரு வித்தை இருக்கிறது, எனக்கு அது வரவில்லை. அவர் வலியில் என் தோளை இறுக்குவார், நான் பயத்தில் அவரை இறுக்குவேன். இருவரும் அப்படியே நின்றுகொண்டிருப்போம். மதினி வந்து, "கொழுந்தனாரே, தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு ஒரே பிடியில் உட்கார வைத்துவிடுவார். மதினியின் சமையலும் குறைசொல்ல முடியாதது. அப்பா நாலு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார்.

மூன்றாம் நாள் அவராகக் கேட்டார். என்னைப் பார்க்காமல், டிவியைப் பார்த்துக்கொண்டு.

"ஒங்கம்மா எப்ப வாரா?"

"நீங்க போன் பண்ணிக் கேக்கலையா?"

"கேட்டு வர்ற ஆளா அவ? வரணும்ல." கொஞ்சம் கழித்து, "நீ போயிக் கூட்டிட்டு வா" என்றார்.

அண்ணனிடம் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். கடை ஷட்டரை இழுத்துப் பூட்டிக்கொண்டே சொன்னான்: "கூட்டிட்டு வா. ஹால்லயே ஓரமா இன்னொரு கட்டில் போட்டுக்கிருவோம். நாங்க என்ன வேணாம்னா சொன்னோம்? மனுசன் சாப்பிட மாட்டேங்குறாருல்ல."

அவனும் பயந்து போயிருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது.

6

மேலூருக்குப் போகும்போது என்ன பேச வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்தேன். ஜோடி. ஒட்டித் தூங்குவது. சாப்பிடாமல் போவது. ஃப்ராவ் கெல்லரின் வசனங்கள்தான், பெயரை மட்டும் மாற்றி.

சாந்தி வீட்டில் அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து சாந்தியின் கணவன் பாண்டி ஒரு கையில் தோசைக்கரண்டியோடு வந்து, "வாங்க மாப்ள" என்றவன், அம்மாவின் தட்டில் ஒரு தோசையைச் சுடச்சுடப் போட்டுவிட்டுப் போனான். அம்மா எழுந்திருக்கவில்லை.

இதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் வீட்டுக்குள் வந்தால் அம்மா உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை. அதிலும் சாப்பிட்டுக்கொண்டு.

"வாய்யா. ஒக்காரு. பாண்டி, இவனுக்கும் ஒண்ணு ஊத்துப்பா."

முகம் தெளிவாக இருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். நான் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். அப்பா சாப்பிடுவதில்லை என்றேன். கட்டில் போட இடம் இருக்கிறது, அண்ணனே சொல்லிவிட்டான் என்றேன். அம்மா கடைசி விள்ளலைச் சட்னியில் தொட்டுச் சாப்பிட்டு முடித்தாள்.

"அந்த எலிப் படத்தக் காமி" என்றாள்.

போனில் வீடியோவைப் போட்டேன். எவர்சில்வர் தட்டை வைத்து எடுத்த பழைய வீடியோ. அம்மா போனைத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள்.

"இந்த வெள்ள ஏன் தள்ளியே நிக்குது?"

"அது அப்டித்தாம்மா. பெருசு தின்னுட்டு மிச்சம் வச்சதும் வரும். ஆனா ராத்திரி ஒட்டிக்கிட்டுத்தான் தூங்கும். பிரிச்சா செத்துப்போகும்னு அந்தம்மா சொன்னாங்க."

"யார்ட்ட கேட்டுச் சொன்னா அந்தம்மா?"

நான் போனை வாங்கிக்கொண்டேன்.

"பெருசுட்ட கேட்டா ஆமான்னுதான் சொல்லும்" என்றாள் அம்மா. கோபமில்லை. விலை கேட்டுவிட்டு நகர்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "எனக்கு ஒங்கப்பா மேல ஒரு வருத்தமும் இல்லய்யா. குடிச்சதில்ல, கைநீட்டுனதில்ல. ஆனா அந்த மனுசன் வீட்ல இருந்தா என் காது அவர்ட்டயே இருக்கும். எப்பக் கூப்பிடுவாரோன்னு. தூங்குறப்பவும்தான். இங்க வந்து ரெண்டு மாசம் கழிச்சுத்தான் ஒருநாள் விடியற வரைக்கும் தூங்குனேன். என்னடா இது, ஒடம்புக்கு முடியலையோன்னு பயந்துட்டேன்."

"அப்ப வர மாட்டியா?"

"செத்துப்போயிருவாரா?"

கேட்டபோது குரல் கொஞ்சம் இறங்கியது. சாந்தி சமையலறை வாசலில் வந்து நின்றாள். ஆமாம் என்றால் அம்மா கிளம்பிவிடுவாள். இல்லை என்று சொல்ல எனக்குத் தெரியாது. நர்சாக இருப்பவள் சாந்திதான். அவள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை காய்ந்துபோகிற வரை அம்மா யோசித்தாள். பிறகு எழுந்து போய்க் கைகழுவிவிட்டு வந்தாள்.

"வாரேன். இருக்க மாட்டேன்" என்றாள். "சாந்திக்கு வியாழக்கிழம லீவு. அன்னிக்கி காலைல வந்து, மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுட்டு, வெயில் தாழத் திரும்பிருவேன். டவுன் பஸ்ல டிக்கெட்டும் கெடையாது இப்ப. செல்வத்துட்ட சொல்லிரு. இன்னொரு கட்டிலெல்லாம் வேணாம். நாக்காலி போதும்."

"அப்பா ஒத்துக்கிருவாரா?"

"ஒத்துக்கிருறாரான்னு பாப்போம்."

திரும்பி வந்து சொன்னபோது அப்பா கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "வியாழக்கிழமையா?" என்றார்.

7

அந்த ஏற்பாடு இன்றுவரை நடக்கிறது. முதல் வியாழக்கிழமையை மட்டும் நான் இருந்து பார்த்தேன்.

காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டு, மழிக்க ஆள் கூட்டிவரச் சொன்னார். வந்தவரிடம் மீசையை ஒதுக்குவது பற்றி இரண்டு தடவை விளக்கினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மதினி மாட்டிவிட்டார். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, டிவியை அணைக்கச் சொன்னார்.

அம்மா இரண்டு பஸ் மாறி வந்தாள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, வழக்கம்போல நேராகச் சமையலறைக்குப் போகப்போனாள். நின்று, திரும்பி, கட்டிலுக்கு எதிரில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எளைச்சிட்டீக" என்றாள்.

"நீ பெருத்துட்ட" என்றார்.

பிறகு வெகுநேரம் காலின் வீக்கம், மாத்திரை, கல்லுப்பட்டி வீட்டு முருங்கைமரம் காற்றில் ஒடிந்தது, இப்படியே போனது பேச்சு. ரயிலில் எதிரெதிர் இருக்கையில் உட்கார நேர்ந்த இரண்டு பேர் மாதிரி பேசிக்கொண்டார்கள். அம்மா விருந்தாளி என்பதால் மதினி இருவருக்கும் ஒரே நேரத்தில் தட்டு வைத்தார். அப்பா பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் அம்மாவின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முருங்கைக்காயை ஒவ்வொன்றாக எடுத்துச் சக்கையாகிற வரை சவைத்து ஓரமாக அடுக்கினாள்.

"நீ முருங்கக்கா திம்பியா?" என்றார் அப்பா.

"பிடிக்குமே."

"எனக்குத்தான அம்புட்டையும் அள்ளி வப்ப."

அப்பா தன் தட்டிலிருந்த முருங்கைக்காயைப் பார்த்தார். எடுத்து அவள் தட்டில் வைக்க முடியாது, கை எட்டாது. கொஞ்சம் பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். அன்றைக்குத் தட்டைத் தள்ளவில்லை. அண்ணன் கடையிலிருந்து போன் பண்ணி மதினியிடம் கேட்ட ஒரே கேள்வி, "சாப்பிட்டாரா?"

வெயில் தாழ ஆரம்பித்ததும் அம்மா எழுந்தாள். சேலையை உதறிச் சரிசெய்தாள்.

"இருந்துட்டுப் போயேன்" என்றார் அப்பா.

அந்த மாதிரி ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லை போலிருக்கிறது, சும்மா நின்றாள். மதினி சமையலறையில் பாத்திரச் சத்தத்தை நிறுத்தினார்.

"பஸ்ல கூட்டமாயிரும்" என்றாள் அம்மா.

"சரி." பிறகு, "அடுத்த வாரம்?"

"வாரேன்."

"ஏறுனதும் வலப்பக்கம் ஒக்காரு. எடப்பக்கம் டவுன் வர வெயிலு அடிக்கும்."

"எடப்பக்கந்தான பொம்பளைக சீட்டு."

"கண்டக்டர்ட்ட நாஞ் சொன்னேன்னு சொல்லு. விடுவான்."

அவர் ஓய்வுபெறும்போது இப்போதைய கண்டக்டர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள். அம்மா சிரிக்கவில்லை. "சொல்றேன்" என்றாள்.

பஸ் நிறுத்தத்துக்கு நான் கூடப் போனேன். டவுன் பஸ் வந்தது, கூட்டம் இல்லை. வலப்பக்கம் இரண்டு இருக்கை காலியாக இருந்தது. அம்மா ஏறி, இடப்பக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். முகத்தில் சுள்ளென்று வெயில்.

"அம்மா, அங்கிட்டு எடம் இருக்கு."

"இருக்கட்டும்யா. எனக்கு இந்தப் பக்கந்தான் பிடிக்கும். ரோடு தெரியும்" என்றாள். முந்தானையைக்கூட எடுத்துத் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. பஸ் நகர்ந்தது.

வீட்டுக்குத் திரும்பினேன். அப்பா இன்னும் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார், சட்டை கசங்காமல். நாற்காலியை அங்கேயே விட்டுவைக்கச் சொல்லியிருந்தார்.

"வலப்பக்கம் ஒக்காந்தாளா?"

"ஆமாப்பா" என்றேன்.

தலையாட்டினார். திரும்பிப் படுக்க வேண்டும் என்றார். தோளைக் கொடுத்தேன். இந்தத் தடவை ஓரளவு ஒழுங்காகத் தூக்கினேன்.